வண்டி மை முதல் சிந்தடிக் எண்ணெய் வரை

மாட்டுவண்டி பூட்டிச் சந்தைக்குச் சென்ற காலத்தில், புறப்படுமுன் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைச் சற்றே வெளியே இழுத்து அச்சில் மை தடவுவது நம் சிற்றூர்களில் தவறாத வழக்கமாக இருந்தது. எரித்த வைக்கோற் கரியை ஆமணக்கெண்ணெயில் குழைத்தால் வண்டி மை ஆயத்தமாகிவிடும். அந்த மையில் இன்ன வகை, இன்ன தரம் என்ற வினா எவருக்கும் எழுந்ததில்லை. இன்றோ புதுக்கோட்டைக் கடைவீதியில் உள்ள உதிரிப்பாகக் கடை ஒன்றில் நுழைந்து, மகிழுந்துக்கு என்ஜின் ஆயில் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் நம்மிடம் திருப்பிக் கேட்கும் முதல் வினா, "சாதாவா, சிந்தடிக்கா?" என்பதுதான். இரண்டு டப்பாக்களும் ஒரே அளவு. விலையோ ஏறத்தாழ ஒன்றுக்கு இரண்டு. வாங்க வந்தவர் மெக்கானிக்கின் முகத்தைப் பார்க்கிறார். மெக்கானிக் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கிறார்.

தமிழ்த்துறை மலரில் எண்ணெய்க்கு என்ன இடம் என்று வினவுவோர் இருக்கக்கூடும். இச்சிக்கலில் பாதி, சொல்லால் விளைந்த சிக்கலாகும். 'சிந்தடிக்' என்னும் சொல்லின் பொருள் என்ன என்பதற்காகவே இரு பெரும் நிறுவனங்கள் வழக்காடியிருக்கின்றன. சொல்லின் பொருள் எங்கே மாறுகிறதோ அங்கே மொழி கற்பிப்பவனுக்கும் சிறிது வேலை உண்டு என்று கருதியே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எண்ணெய் செய்யும் வேலை

மகிழுந்தின் எஞ்சினுக்குள் நிமிடத்திற்கு ஈராயிரம், மூவாயிரம் முறை சுழலும் தண்டும், மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்களும் உள்ளன. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உராய்ந்தால் சில நிமிடங்களில் சூடேறி இறுகிவிடும். அவற்றிற்கிடையே மயிரிழையினும் மெல்லிய படலமாக நின்று, ஒன்றையொன்று தொடவிடாமல் காப்பதே எண்ணெயின் முதற்பணி. வெப்பத்தை ஏந்திச் செல்லுதல், எரிபொருள் எரிந்து விழும் கரியைக் கழுவித் தன்னுள் தாங்கிக்கொள்ளுதல், அமிலத்தை முறித்தல், துருவைத் தடுத்தல் ஆகிய பணிகளும் அதற்கு உண்டு. இவை அனைத்தையும் தனி எண்ணெய் ஒன்றால் செய்ய இயலாது. ஆகவே டப்பாவில் நாம் வாங்குவது நூற்றுக்கு எழுபத்தைந்து முதல் தொண்ணூறு பங்கு வரை அடிப்படை எண்ணெயும், எஞ்சிய பங்கு வேதிச் சேர்மானங்களும் கலந்த கலவையே. சாதா, சிந்தடிக் என்னும் வேறுபாடு அந்த அடிப்படை எண்ணெயைப் பற்றியது மட்டுமே. இதனை மனத்திற் கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

ஆமணக்கை விட்டுவிட்டு மேலே செல்ல மனமில்லை. இங்கிலாந்தில் 1899இல் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பவர் தொடங்கிய நிறுவனம், மோட்டார் வண்டிகளுக்கும் வானூர்திகளுக்கும் ஏற்ற எண்ணெயைச் சமைக்கும் முயற்சியில் ஆமணக்கெண்ணெயைக் கலந்தது. ஆமணக்கெண்ணெய்க்கு ஆங்கிலத்தில் காஸ்டர் ஆயில் என்று பெயர். அதிலிருந்தே காஸ்ட்ரால் என்னும் வணிகப் பெயர் பிறந்தது. முதல் உலகப் போரின் வானூர்திகள் பலவற்றிற்கு ஆமணக்கெண்ணெயே உயவு நெய். இரும்பைப் பற்றிக்கொள்ளும் அதன் இயல்பை நம் வண்டிக்காரர்கள் வேதியியல் படிக்காமலே அறிந்திருந்தனர். ஆனால் நெடுநேரம் கொதித்தால் அது பிசினாகிவிடும். அக்குறையினால் மோட்டார் எஞ்சின்களில் கனிம எண்ணெய்க்கு இடம்விட்டு ஒதுங்கிற்று.

நம் மாவட்டத்திற்கு மோட்டார் வண்டி புதியதன்று. டி. வி. சுந்தரம் அய்யங்கார் தம் பேருந்துத் தொழிலின் தொடக்க நாளில், 1912ஆம் ஆண்டளவில், தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே வண்டி ஓட்டினார். அன்று தொடங்கிப் பல பத்தாண்டுகள் இச்சாலைகளில் ஓடிய வண்டிகள் அனைத்தும் நிலத்தடிக் கச்சா எண்ணெயிலிருந்து எடுத்த எண்ணெயையே குடித்தன. விடுதலைக்குப் பின் அந்த அடிப்படை எண்ணெய் தமிழகத்திலேயே கிடைக்கலாயிற்று. 1965இல் இந்திய அரசும், அமெரிக்க நிறுவனம் ஒன்றும், ஈரானிய தேசிய எண்ணெய் நிறுவனமும் கூடித் தோற்றுவித்த சென்னைச் சுத்திகரிப்பு நிறுவனம் 1969இல் மணலியில் இயங்கத் தொடங்கியது. பெட்ரோல், டீசலோடு உயவு எண்ணெய்க்கான மூலப்பொருளும் அங்கே எடுக்கப்பட்டது. இன்று அதன் பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன்.

சாதா எண்ணெய் எவ்வாறு உருவாகிறது? கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தபின் அடியில் கனத்த பகுதி தங்கும். அதனை வெற்றிடத்தில் மீண்டும் காய்ச்சி, கரைப்பான் கொண்டு வேண்டாதவற்றைக் களைந்து, மெழுகை நீக்கினால் கிடைப்பது கனிம எண்ணெய். இது நெல்லைப் புடைத்துத் தூற்றுவது போன்றது. உமியும் பதரும் போய்விடும். ஆயினும் குருணையும் முழு அரிசியும் கலந்தே நிற்கும். சிறு மூலக்கூறு, பெரு மூலக்கூறு, கந்தகம் ஒட்டியது என்று பலவும் அதில் உண்டு. சிறியவை வெப்பத்தில் ஆவியாகும். உறுதியற்றவை உயிர்வளியோடு கூடிக் களிம்பாகும்.

செயற்கை எண்ணெய் புடைத்தெடுப்பதன்று, கட்டியெழுப்புவது. எத்திலீன் என்னும் வாயுவிலிருந்து குறிப்பிட்ட நீளமுள்ள மூலக்கூறுகளை ஆக்கி, அவற்றை ஒன்றோடொன்று கோத்துப் பெறுவது பாலி ஆல்ஃபா ஓலிஃபின் என்பது. அச்சில் அறுத்த செங்கற்கள் போல அதன் மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒத்த அளவின. எனவே கடுங்குளிரிலும் ஓடும். கடும் வெப்பத்திலும் எளிதில் கெடாது. இரண்டாம் உலகப் போரில் எண்ணெய்த் தட்டுப்பாட்டிலும் கிழக்கு முனைக் குளிரிலும் சிக்கிய செருமானியர் இத்தகைய எண்ணெய்களை உருவாக்க முனைந்தனர். பின்னர் ஜெட் வானூர்திகளுக்கு அவை இன்றியமையாதனவாயின. சுவை என்னவெனில், தொடக்ககால ஜெட் எண்ணெய்களில் சேர்ந்த எஸ்டர் என்னும் செயற்கைப் பொருளுக்கு மூலமான அமிலம் எடுக்கப்பட்டது ஆமணக்கெண்ணெயிலிருந்துதான்! வாயிலில் துரத்திய ஆமணக்கு கொல்லை வழியாக உள்ளே வந்துவிட்டது. ஜெட் விமானியாக இருந்த ஆல்பர்ட் அமட்டுசியோ என்னும் அமெரிக்கர், வானூர்திக்கு ஏற்றது மகிழுந்துக்கும் ஏற்குமென்று எண்ணி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் தரத்திற்கு உட்பட்ட செயற்கை எஞ்சின் எண்ணெயை 1972இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

ஒரு சொல்லுக்காக ஒரு வழக்கு

அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்துள்ளது. கரைப்பானால் தூய்மையாக்கியது முதற்பிரிவு. ஐதரசன் கொண்டு மேலும் தூய்மையாக்கியது இரண்டாம் பிரிவு. உயர் அழுத்தத்தில் ஐதரசனைச் செலுத்தி, மூலக்கூறுகளையே உடைத்து வேறு வடிவில் ஆக்கியது மூன்றாம் பிரிவு. மேற்சொன்ன பாலி ஆல்ஃபா ஓலிஃபின் நான்காம் பிரிவு. எஸ்டர் முதலிய பிறவெல்லாம் ஐந்தாம் பிரிவு.

மூன்றாம் பிரிவு கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. அதனைச் செயற்கை எனலாமா? காஸ்ட்ரால் நிறுவனம் தன் டப்பாவில் மூன்றாம் பிரிவை இட்டுச் சிந்தடிக் என்றே எழுதியது. நான்காம் பிரிவைக் கொண்டு தயாரித்துவந்த மோபில் நிறுவனம் இது முறையன்று என்று அமெரிக்காவின் விளம்பரக் கண்காணிப்புப் பிரிவிடம் முறையிட்டது. மூலக்கூறே மாறிவிட்ட பின் அதனைச் செயற்கை என்பதில் தவறில்லை என்னும் கருத்தில் 1999இல் முடிவு காஸ்ட்ராலுக்குச் சார்பாக அமைந்தது. அன்றிலிருந்து உலகின் பெரும்பகுதியில் மூன்றாம் பிரிவும் சிந்தடிக்கே. செருமனி மட்டும் இதனை ஏற்காமல், முழுச் செயற்கை என்னும் சொல்லை நான்காம், ஐந்தாம் பிரிவுகளுக்கே காத்து வைத்திருக்கிறது.

ஆக, கடையில் 'ஃபுல்லி சிந்தடிக்' என்ற எழுத்தைக் கண்டு இருமடங்கு விலை கொடுப்பவர், பெரும்பாலும் வாங்குவது உயர்வாகப் பதப்படுத்திய கனிம எண்ணெயையே. இதனால் ஏமாற்றம் என்று கருத வேண்டா. மூன்றாம் பிரிவு எண்ணெய் முதற்பிரிவைவிடப் பல மடங்கு உறுதியானது; நடைமுறையில் நான்காம் பிரிவுக்குச் சற்றே பின்தங்கியது. அதன் ஊற்றுக்கண்கள் சில நமக்கு அந்நியமும் அல்ல. பஹ்ரைனின் சித்ராவிலும், அபுதாபியின் ருவைஸிலும் மூன்றாம் பிரிவு எண்ணெய் எடுக்கப்படுகிறது. கத்தாரின் ராஸ் லஃபானில் நிலவாயுவிலிருந்தே எண்ணெய் ஆக்கும் பேராலை 2011 முதல் இயங்கியது. கோட்டைப்பட்டினம், மீமிசல், அறந்தாங்கிப் பகுதி இளைஞர்களுக்கு இவ்வூர்ப் பெயர்கள் பாடநூல் வாயிலாகத் தெரிந்தவை அல்ல.

'செமி சிந்தடிக்' என்ற இடைநிலை ஒன்றும் உண்டு. அதில் செயற்கைப் பங்கு எத்துணை என்பதை டப்பா பொதுவாகச் சொல்வதில்லை. கூட்டு வியாபாரத்தில் பங்கு எவ்வளவு என்று சொல்லாத கூட்டாளியைப் போன்றது அது.

டப்பாவின் மீதுள்ள எண்கள்

உண்மையில் நாம் முதலில் படிக்க வேண்டியது சிந்தடிக் என்னும் பெரிய எழுத்தையன்று. அதன் கீழுள்ள சிறிய எண்களையே. '20டபிள்யூ-50', '15டபிள்யூ-40', '5டபிள்யூ-30' என்று அவை இருக்கும். டபிள்யூ என்பதை எடையின் குறியீடு என்று பலர் எண்ணுகின்றனர். அது பனிக்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னெண் குறையக் குறைய, குளிரில் எண்ணெய் எளிதாக ஓடும். பின்னெண், எஞ்சின் சூடேறியபின் உள்ள தடிமனைக் குறிக்கும். அது உயர்ந்தால் படலம் தடிக்கும்.

மார்கழி விடியலிலும் இருபது பாகைக்கு மிகவும் கீழிறங்காத புதுக்கோட்டைக்குப் பனிக்கால எண் எதற்கு என்ற வினா நியாயமானதே. ஆயினும் விடை நாம் எதிர்பார்ப்பது போல் இல்லை. 15டபிள்யூ-40 எண்ணெயை எடுத்துக்கொண்டால், நாற்பது பாகையில் அதற்கிருக்கும் பாகுநிலை நூறு பாகையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகிவிடுகிறது. எஞ்சின் வேலை செய்வது நூறு பாகையளவில். அதனோடு ஒப்பிட்டால் சித்திரை மாதத்துக் காலைப்பொழுதுகூட எஞ்சினுக்குக் குளிர்தான். எழுப்பிய முதற்சில நொடிகளில் எண்ணெய் மேற்பகுதியைச் சென்றடையும் வரை தேய்மானம் மிகுதி. மெலிந்த எண்ணெய் விரைந்து ஏறும். ஆகவே, 'நம் ஊர் வெயிலுக்குக் கெட்டி எண்ணெய்தான் சரி' என்னும் பழமொழியை ஒத்த கூற்று பழைய எஞ்சினுக்கே பொருந்தும். புதிய எஞ்சின்களில் உறுப்புகளின் இடைவெளி மிக நுண்ணியது. அங்கே கெட்டி எண்ணெயை ஊற்றுவது ஊசித் துளையில் கயிறு கோப்பதாகும்.

மற்றொரு குறி, எஸ் என்ற எழுத்தோடு தொடங்கும் பெட்ரோல் எஞ்சின் தரம். 2001இல் எஸ்.எல்., 2004இல் எஸ்.எம்., 2010இல் எஸ்.என்., 2020இல் எஸ்.பி. என்று அது வளர்ந்து வந்துள்ளது. பின்னெழுத்து அகரவரிசையில் பிந்தியதாக இருந்தால் தரம் புதியது. எஸ்.பி. தரமுள்ள சாதா எண்ணெய், எஸ்.எஃப். போன்ற பழந்தரத்தில் நிற்கும் எண்ணெயைவிடச் சிறந்தது என்பதில் ஐயமில்லை.

மாணவர்களுக்காக ஓர் இடைக்குறிப்பு: மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெயிலேயே மூழ்கியிருக்கிறது. மகிழுந்து எண்ணெயில் வழுக்கலை மிகுவிக்கும் சேர்மானங்கள் இருக்கலாம். அதை ஊற்றினால் கிளட்ச் நழுவும். ஜாசோ எம்.ஏ. என்ற குறியுள்ளதையே வாங்க வேண்டும். நம் துறையில் தரும் எம்.ஏ. பட்டம் அதற்கு ஈடாகாது.

எவர்க்கு எது?

2020 ஏப்ரல் முதல் நாளில் நாடெங்கும் பி.எஸ்.-6 புகைத்தரம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் வந்த வண்டிகளுக்குத் தேர்வு என்பதே பெரும்பாலும் இல்லை. பல பெட்ரோல் மகிழுந்துகளுக்கு 5டபிள்யூ-30, 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எண்ணெய் குறிக்கப்பட்டுள்ளது. 0டபிள்யூ-20 போன்றவற்றைக் கரைப்பானால் தூய்மையாக்கிய முதற்பிரிவு எண்ணெயைக் கொண்டு செய்ய இயலாது. டீசல் வண்டியானால் புகைக்குழாயில் உள்ள துகள் வடிகட்டி, எண்ணெயின் சாம்பலால் அடைபடும். சாம்பல் குறைந்த வகையே வேண்டும். வண்டியோடு தரும் கையேட்டில் எழுதியுள்ளதை மெக்கானிக்கின் சொல்லுக்காக மாற்றுதல் கூடாது. டர்போ பொருத்திய வண்டிக்கும் இதுவே விதி. நெடுந்தொலைவு விரைந்து ஓடி வந்தவுடன் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடுவது நன்று. இல்லையேல் டர்போவில் தேங்கிய எண்ணெய் கருகும்.

வினாவுக்கு இடமுள்ளது அதற்கு முந்திய வண்டிகளில்தான். வாடகை வண்டி ஒன்றை எண்ணிப் பார்ப்போம். கடற்கரையூர்களிலிருந்து திருச்சி வானூர்தி நிலையத்திற்கு நூறு கிலோமீட்டருக்கு மேல். வெளிநாடு செல்வோரும் வருவோரும் ஓயாத சாலை அது. ஆண்டுக்கு 40,000 கிலோமீட்டர் ஓடும் என்று கொள்வோம். எண்ணெய் கொள்ளளவு மூன்றரை லிட்டர். கணக்குக்காகச் சாதா லிட்டர் 400 ரூபாய், சிந்தடிக் 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சாதாவை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு எட்டு முறை. செலவு 11,200 ரூபாய். சிந்தடிக்கை 10,000க்கு ஒருமுறை மாற்றினால் நான்கு முறை. செலவு அதே 11,200 ரூபாய். ஆனால் பில்டரும் கூலியும் முறைக்கு 400 ரூபாய் என்றால் முன்னதில் 3,200, பின்னதில் 1,600. வண்டி பணிமனையில் நிற்கும் நாட்களும் பாதி. எனவே ஓயாது ஓடும் வண்டிக்குச் சிந்தடிக்கே சிக்கனம்.

இனி, நம் கடற்கரையூர்களில் தெருத்தோறும் காணும் வேறொரு வண்டி. குடும்பத்தலைவர் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மகிழுந்து வீட்டு முற்றத்தில் உறை போர்த்தி நிற்கும். விடுப்பில் வரும்போதும் திருமணங்களுக்கும் மட்டுமே வெளியே வரும். ஆண்டுக்கு ஈராயிரம் கிலோமீட்டர் ஓடினால் மிகுதி. 'அதிகம் ஓடவில்லையே, மாற்றுவானேன்?' என்று மூன்றாண்டு வரை எண்ணெயை அப்படியே விட்டுவிடுகின்றனர். எண்ணெய் ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை; இருப்பினாலும் கெடும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. அதில் சிறு பகுதி பிஸ்டனைக் கடந்து எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கும். எண்ணெய் முழுமையாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் வெளியேறும். பேட்டரி இறங்காதிருக்க வாரந்தோறும் பத்து நிமிடம் முற்றத்திலேயே எஞ்சினை ஓட்டி அணைப்பது பல வீடுகளில் வழக்கம். அது ஈரத்தை ஏற்றுகிறதே தவிர இறக்குவதில்லை. மாறாக, இரு வாரத்திற்கு ஒருமுறை இருபது கிலோமீட்டர் சாலையில் ஓட்டுதல் வேண்டும். தொலைவு எதுவாயினும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுதல் வேண்டும். எப்படியும் ஆண்டிற்கு ஒருமுறைதான் மாற்றம் என்றால், கையேடு இடந்தருமிடத்துச் சாதா எண்ணெயே போதும். முன்சொன்ன விலைப்படி 1,400 ரூபாயில் முடிவதற்கு 2,800 ரூபாய் கொடுப்பானேன்?

அம்பாசடரையும் பழைய மாருதி 800ஐயும் போற்றி வைத்திருக்கும் பெரியோர் இன்றும் உளர். இரண்டின் உற்பத்தியும் 2014இல் நின்றுவிட்டது. தேய்ந்த அம்பாசடர் எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 கனிம எண்ணெயே தக்கது. சிந்தடிக் ஊற்றினால் ஒழுகும் என்று சொல்லப்படுவது முழுப் பொய்யன்று. பழைய சீல்களில் விரிசலை அடைத்திருந்த களிம்பை அது கழுவிவிடும். ஒழுக்கு அதன்பின் வெளிப்படும். ஒருமுறை சிந்தடிக் ஊற்றினால் மீண்டும் சாதாவுக்கு மாறக்கூடாது என்பதோ அடிப்படையற்ற அச்சம். ஒரே தரத்தின இரண்டையும் கலந்தால்கூட எஞ்சின் கெடாது. கொடுத்த விலையின் பயன் குறையும், அவ்வளவே.

எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது என்பதும் அத்தகையதே. கரியைக் கழுவி ஏந்துகிறது என்பதற்குக் கறுப்பே சான்று. டீசல் எஞ்சினில் புது எண்ணெய் சில நாட்களிலேயே கறுத்துவிடும். பால் கலந்த தேநீர் நிறம் கண்டால்தான் அஞ்ச வேண்டும்; தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். நார்த்தாமலை, திருமயம் பகுதிகளில் கல் உடைக்கும் ஆலைகளை ஒட்டிய சாலைகளில் ஓடும் வண்டிகளுக்குக் காற்று வடிகட்டியை அடிக்கடி பார்ப்பது எண்ணெயின் வகையைவிட முதன்மையானது. கல்தூள் உட்புகுந்தால் எந்த எண்ணெயும் உப்புத்தாளாக மாறி எஞ்சினைத் தேய்க்கும்.

செயற்கை எண்ணெயின் மேல் வைக்கும் அளவிறந்த நம்பிக்கை எத்தகைய இழப்பைத் தரும் என்பதற்கு எமக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவரின் நிலை சான்று. சிந்தடிக் ஊற்றினால் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் வரை கவலையில்லை என்று எவரோ கூற, அவர் அதனை நம்பினார். இடையில் அளவுகோலை உருவிப் பார்க்கவுமில்லை. எண்ணெய் பாதிக்குக் கீழ் குறைந்து, எஞ்சியதும் களியாகிவிட்டது. கீரனூர் அருகே பயணிகளோடு வண்டி நின்றது. எண்ணெயில் மிச்சப்படுத்தியது ஆயிரத்துச் சொச்சம். எஞ்சின் வேலைக்குச் சென்றது அரை இலட்சத்தைத் தாண்டிற்று. இரு மாத வருமானமும் போயிற்று. பத்து நாளுக்கு ஒருமுறை, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் கோலை உருவித் துடைத்து மீண்டும் இட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். இரு கோடுகளுக்கிடையே எண்ணெய் நின்றால் சரி. மேல்கோட்டைத் தாண்டினாலும் தவறே, நுரை பொங்கும்.

வாங்கும்போது மூடியின் முத்திரையைப் பார்த்து, விலைச்சீட்டுப் பெறுதல் வேண்டும். பெயர்பெற்ற நிறுவனங்களின் காலி டப்பாக்களை விலைக்கு வாங்கிப் போலி நிரப்புவோர் உண்டு. ஆதலால் எண்ணெய் ஊற்றி முடித்ததும் டப்பாவைக் கத்தியால் கீறிவிட்டே எறிதல் நன்று.

இறக்கிய பழைய எண்ணெய் எங்கே செல்கிறது? நம் ஊர்களில் கரையானுக்கு அஞ்சிப் பனங்கைகளிலும் வேலிக் கால்களிலும் அதனைப் பூசுகின்றனர். எஞ்சியதைச் சாக்கடையில் விடுகின்றனர். அதில் உலோகத் துகளும் நச்சுப்பொருள்களும் உண்டு. 2016ஆம் ஆண்டின் தீங்குறு கழிவு விதிகளின்படி அது ஆபத்தான கழிவு. எண்ணெய் தயாரிப்போரே தங்கள் விற்பனைக்கு ஏற்பப் பழைய எண்ணெயை மீட்டுத் தூய்மைப்படுத்தும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று 2023இல் அறிவிக்கப்பட்ட விதி 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. கண்மாயையும் கிணற்றையும் நம்பி வாழும் மாவட்டம் இது. வீட்டிலேயே எண்ணெய் மாற்றுவோர், இறக்கியதைக் கேனில் மூடி, உரிமம் பெற்ற சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பணிமனையில் ஒப்படைக்கலாம். சிந்தடிக் ஆயினும் சாதா ஆயினும் இவ்விடத்தில் வேறுபாடில்லை.